குழாயை அடைப்பதா, திறப்பதா?

ஜனவரி 6, 2024, சனி. கோவென்ட்ரி

இரும்பு வந்து சேர்ந்தது. ஓரங்குலச் சதுரக் குழாய், சுவர்க்கனம் 1.6 மி.மீ. லாரிக்காரர் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து கராஜுக்குள் கொண்டுபோனோம். எண்ணெய் தடவி அனுப்பியிருக்கிறார்கள். கை, சட்டை, கதவுப்பிடி எல்லாம் பிசுபிசு. துடைக்கவில்லை. வெல்டிங் வைக்கும் நாள்வரை அந்த எண்ணெய்தான் காவல். மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு, சிமென்ட் தரையில் படாமல் அடுக்கினேன்.

கட்டப்போவது லோகாஸ்ட் வகைக் கார். காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த லோட்டஸ் செவனின் ஏழைத் தம்பி. 1996-இல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்று இருக்கும். இன்றைக்கு அந்தப் பணம் இரும்புக்கும் வெல்டிங் கம்பிக்குமே போய்விடும். அந்தக் காலத்தில் செவனை உதிரிகளாக வாங்கினால் விற்பனை வரி கிடையாது. பூட்டும் முறையை எழுதித் தந்தால் வரி வந்துவிடும். அதனால் கழற்றும் முறையை எழுதித் தந்தார்கள், வாங்கியவர் கடைசியிலிருந்து படித்துக்கொண்டார் என்பார்கள். சாப்மனைப் பற்றிய கதைகளில் இதை நான் நம்புகிறேன்.

மத்தியானம் கரூர் மாமாவுக்குப் படம் அனுப்பினேன். பஸ் பாடி கட்டும் பட்டறையிலேயே தலை நரைத்தவர். உடனே கூப்பிட்டார்.

"ஏன் மாப்ளே, இது பஸ்ஸுல ஜன்னல் சட்டத்துக்கே பத்தாதே, இதுலயா காரு?"

"சின்ன கார் மாமா. முழு சேஸிஸையும் ரெண்டு பேர் தூக்கிடலாம்."

"அது செரி. மேல என்ன கூரை அது, வேர்த்துக் கெடக்குது?"

படத்தின் மூலையில் தெரிந்த கூரையைப் பிடித்துவிட்டார். அலையலையான ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கான்கிரீட் பலகைச் சுவர், ஒற்றைத் தகட்டுக் கதவு. 1960-களில் இங்கே தெருவுக்குத் தெரு நட்டுவைத்த கராஜ் மாதிரி. குளிர்காலத்தில் கூரையின் அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும்.

ஜனவரி 9, செவ்வாய்

வெல்டிங் பழகிப்பார்க்க ஒரு துண்டைச் சனிக்கிழமை தின்னரால் துடைத்து மேஜைமேல் வைத்திருந்தேன். இன்று எடுத்துப் பார்த்தால் அதன்மேல் என் கட்டைவிரல், ரேகை ரேகையாக, காவி நிறத்தில். பத்திர ஆபீசில் உருட்டி வைத்தால்கூட இவ்வளவு தெளிவாக விழாது. வியர்வையின் உப்பு பட்ட இடம் மட்டும் துருப்பிடித்து, சுற்றியுள்ள இரும்பு இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

ஈரப்பதமானியில் 84 சதவீதம், வெப்பம் 5 டிகிரி. சுத்தமான இரும்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்வரை பெரிதாக அசைவதில்லை. தாண்டினால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒட்டிக்கொள்ளும், துரு வேகமெடுக்கும். உப்பு சேர்ந்துவிட்டால் கதை வேறு. சாப்பாட்டு உப்பு 75 சதவீதத்தில் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரையும். மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கரைந்துவிடும். அது பட்ட இரும்புக்கு வறண்ட நாள் என்று ஒன்று கிடையாது.

இந்த ஊரில் உப்புக்குக் கடல் தேவையில்லை. செஷயரில் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கும் பாறை உப்பைக் குளிர்காலம் முழுக்க ரோட்டில் கொட்டுகிறார்கள். ஆறடி உயரச் சொகுசுக் கார்களின் வயிற்றுக்கே அது எட்டுகிறது. என் கார் தரையிலிருந்து நாலைந்து அங்குலத்தில் போகப்போகிறது.

ஜனவரி 13, சனி

கராஜில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டேன். உள்ளே சுமார் 29 கன மீட்டர் காற்று. 5 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 7 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதாவது, உள்ளே இருக்கும் மொத்தக் காற்றும் சேர்ந்து தாங்குவது ஒரு டம்ளர் தண்ணீர். அதற்குமேல் வருவதெல்லாம் சுவரிலும் கூரையிலும் இரும்பிலும்தான் இறங்கியாக வேண்டும்.

மூலையில் துணி டிரையர். முன்பு குடியிருந்தவர்கள் அதன் புகைக்குழாயை வெளியே விடாமல் கராஜுக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள். 7 கிலோ துணி பிழிந்தபிறகும் மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர் வைத்திருக்கும். ஒரு டம்ளர் தாங்கும் அறையில் வாரம் இரண்டு முறை மூன்று லிட்டர்.

மனைவியிடம் சொன்னேன். "அப்போ துணியை எங்கே காயப்போடறதாம், உங்க பைப் மேலயா?" என்றாள். சமாதான உடன்படிக்கை: டிரையர் குழாய்க்குச் சுவரில் ஓட்டை போட்டு வெளியே விடும் வேலை என்னுடையது, அதுவரை துணி உலர்த்தும் கடைச் செலவும் என்னுடையது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னிடமிருக்கும் காஸ் ஹீட்டரைத் தருகிறேன் என்றார். நன்றி சொல்லி மறுத்தேன். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் பிறக்கும். புகைபோக்கி இல்லாத ஹீட்டர் அத்தனையையும் அறைக்குள்ளேயே விடும். மண்ணெண்ணெய் ஹீட்டரும் அதே குலம்தான், ஒரு லிட்டர் எரிந்தால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். கை சூடாகும், இரும்பு நனையும்.

ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்குவதென்று முடிவு. அதிலும் இரண்டு ஜாதி. ஃப்ரிட்ஜ் போலக் குளிர்வித்து நீரை இறக்கும் வகை பத்து டிகிரிக்குக் கீழே சோம்பிவிடும், அதன் சுருளிலேயே பனி கட்டும். ஈரமுறிஞ்சிச் சக்கரம் சுழலும் வகைதான் குளிரில் வேலை செய்யும். கரண்ட் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். வெளியே விடும் காற்றும் வெதுவெதுப்பாக வரும் என்பதால் எனக்கு அது நஷ்டமில்லை.

ஜனவரி 17, புதன்

வெளியே வெண்பனி. கராஜ் உள்ளேயும் உறைநிலைதான், ஆனால் காய்ந்த குளிர். குழாய்களில் ஒரு சொட்டு இல்லை. எல்லாரும் பயப்படும் இந்த நாட்கள் இரும்புக்கு நல்ல நாட்கள்.

ஜனவரி 21, ஞாயிறு

பயப்பட வேண்டிய நாள் இன்று. ஒரு வாரக் குளிருக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து காற்று மாறி, அட்லான்டிக் ஈரத்தோடு வந்துவிட்டது. வெளியே 11 டிகிரி; ஊரே கோட்டைக் கழற்றி நடக்கிறது. கராஜ் கதவை ஒரு சாண் தூக்கிக் குனிந்து பார்த்தேன். குழாய்களின் மேல்முகத்தில் பொடிப்பொடியாக நீர்முத்து, கண்ணெதிரே ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, விளிம்பைத் தாண்டி வழிகிறது. அடுக்கின் நடுவில் இருக்கும் குழாய்களில் இல்லை. வெளிக்காற்று பட்ட ஓரக் குழாய்களில் மட்டும். எண்ணெய் இருக்கும் இடத்தில் தண்ணீர் உருண்டு நிற்கிறது. தூக்கிவரும்போது கைபட்டு எண்ணெய் போன முனைகளில் படர்ந்து ஒட்டிவிட்டது.

ஒரு வாரமாகக் குளிர்ந்த இரும்பு இன்னும் 2 டிகிரியில் இருக்கிறது. வெளிக்காற்று 9 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் இறங்கிவிடும். அந்த எல்லைக்குப் பனிநிலை என்று பெயர். காற்று இதமாக இருக்கிறதே என்று கதவைத் திறந்து வைப்பதுதான் இன்று செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல். கதவைச் சாத்தி, உறிஞ்சும் மெஷினை ஓடவிட்டு, குழாய்களைப் பழைய போர்வையால் மூடினேன். பாலித்தீன் கூடாது; ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். அடுக்குக்குக் கீழே செடிக்கூடத்தில் வைக்கும் சின்னக் குழாய் ஹீட்டர் ஒன்று. அறையைச் சூடாக்க வேண்டாம், இரும்பு காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி மேலே இருந்தால் போதும்.

ஜனவரி 27, சனி. ரக்பி

2003-இல் இதே மாதிரிக் கார் கட்டிய ஒருவர் இப்போது அதைப் பிரிக்கிறார். பார்க்கக் கூப்பிட்டார். ஆண்டுச் சோதனையில் தோற்றுவிட்டதாம். இந்த நாட்டு எம்ஓடி சோதனையில் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் மாட்டும் இடங்களைச் சுற்றி 30 செ.மீ.க்குள் இரும்பு அரித்திருந்தால் விடமாட்டார்கள். லோகாஸ்ட் சேஸிஸில் 30 செ.மீ. எடுத்தால் பாதி வண்டி அதற்குள் வந்துவிடும்.

மேலே இருக்கும் குழாய்கள் எல்லாம் புதிது போல. அலுமினியத் தகட்டை உரித்துக் கீழ் நீளக்குழாயைக் காட்டினார். வெளியே பவுடர் கோட்டிங் பளபளப்பு கெடவில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினார். "டங்" என்று வந்த சத்தம் பின்சக்கரப் பக்கம் போகப்போக "டொக்" ஆனது. அடியில் 4 மி.மீ. துளை போட்டார். துளைபோடும் பிட் வெளியே வந்தது, தண்ணீர் வரவில்லை. கம்பி விட்டுக் கிளறியதும் மை போலக் கறுப்பாக ஒழுக ஆரம்பித்தது. ஒரு டீ கப் நிரம்பியது. அடியில் கறுப்புச் சகதி.

சிவப்புத் துரு இல்லை. காற்று குறைவாகக் கிடைக்கும் இடத்தில் இரும்பு கறுப்பாகத்தான் துருப்பிடிக்கும். பவுடர் கோட்டிங்கை நகத்தால் கீறினேன், நீளமாகத் தோல் மாதிரி உரிந்தது. 200 டிகிரியில் சுட்டெடுத்த அந்தப் பூச்சு பார்வைக்கு ஒன்றாந்தரம். ஒரு கல் பட்டு ஓர் இடத்தில் விட்டால் துரு அதன் அடியிலேயே ஊர்ந்து போகும், மேலே காட்டிக்கொடுக்காது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று கேட்டேன். தரைத்தகட்டின் ரிவெட் வரிசையைக் காட்டினார்.

ஜனவரி 28, ஞாயிறு

மாமாவுக்கு அந்தக் கறுப்புத் தண்ணீர் வீடியோவை அனுப்பினேன். சிரிக்கிறார்.

"இது எங்களுக்குப் புதுசா? படிக்கட்டுக்குப் பக்கத்துக் கால் எல்லாம் அடியில இப்புடித்தான் போகும். மேல பஸ்ஸைக் கழுவற தண்ணி பூரா கீழ எறங்கி நிக்கும்."

"அப்போ முனைகளை நல்லா அடைச்சு வெல்டு வெச்சிட்டா?"

"தண்ணி உள்ள போறதை ஆராலயும் நிறுத்த முடியாது மாப்ளே. வெளிய வர வழி வுடு."

நான் படித்த புத்தகங்கள் எல்லாம் அடைக்கச் சொல்கின்றன. முப்பது வருஷம் பஸ் கட்டியவர் திறக்கச் சொல்கிறார்.

பிப்ரவரி 3, சனி

அடைக்கும் கட்சிக்காக ஒரு கணக்கு. ஒரு மீட்டர் குழாயின் உள்ளே சுமார் அரை லிட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் 0.14 கிராம் இருக்கும். அத்தனையும் துருவாக மாறினாலும் அது தின்னக்கூடிய இரும்பு 0.3 கிராம் சொச்சம். ஒரு மீட்டர் குழாயின் எடை 1.2 கிலோ. உள்சுவர் முழுக்கப் பரப்பினால் அரை மைக்ரான் ஆழம். அதோடு ஆக்சிஜன் தீர்ந்தது, துரு நின்றது. முழுதாக அடைத்த குழாய் நம்மைவிட அதிக நாள் இருக்கும்.

இதை நம்பித்தான் பெரிய ஆட்களும் செய்தார்கள். போர்ஷே 917-இன் அலுமினியக் குழாய்ச் சட்டத்துக்குள் காற்றழுத்தம் ஏற்றிக் கேஜ் வைத்திருந்தார்கள். முள் இறங்கினால் எங்கோ விரிசல். 1962-இல் வந்த லோட்டஸ் எலானில் சேஸிஸின் முன் குறுக்குச் சட்டமே முகவிளக்கைத் தூக்கும் வெற்றிடத் தொட்டி. அதில் துரு ஊசித்துளை போட்டால் விளக்கு சொன்ன பேச்சைக் கேட்காது; சேஸிஸின் உடம்புக்கு இதைவிட நேரான மருத்துவ அறிக்கை இருக்க முடியாது. குழாய்ச் சட்ட விமானங்களிலோ சூடான ஆளிவிதை எண்ணெயைக் குழாய்க்குள் ஊற்றி, உருட்டி, வடித்து, பிறகு துளையை அடைப்பது பழைய வழக்கம்.

கணக்கை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கணக்கு செரிதான். தகடு எதுல நிக்கும், ரிவெட் அடிப்பியில்ல?"

அடிப்பேன். இரண்டங்குலத்துக்கு ஒன்று. ஒவ்வொரு ரிவெட்டும் அடைத்த குழாயில் ஓர் ஓட்டை. சாதாரண பாப் ரிவெட்டின் நடுவிலேயே ஆணி உடைந்த துவாரம் உண்டு.

அந்த ஓட்டை வழியே காற்று மட்டும் போய்வந்தால் பரவாயில்லை, ஒரு நாளைக்கு மில்லிகிராமில் ஒரு பங்கு ஈரம்தான் உள்ளே போகும். ஓடிச் சூடான குழாய் மழைத்தண்ணீர் பட்டுப் பத்து டிகிரி குளிர்ந்தால் உள்காற்று மூன்றரை சதவீதம் சுருங்கும். மீட்டருக்கு 17 மி.லி. அந்த நேரம் ரிவெட் வாய்மேல் தண்ணீர் நின்றால், காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒரு குளிர்ச்சிக்கு மூன்று டீஸ்பூன், அதுவும் உப்புத் தண்ணீர். திரும்பச் சூடாகும்போது வெளியேறுவது காற்று மட்டுமே. தண்ணீர் அடியில் தங்கிவிடும். ரக்பி டீ கப் இப்படித்தான் நிரம்பியது. முழுதாக மூடிய குழாயும் பிழைக்கும், நன்றாகத் திறந்த குழாயும் பிழைக்கும். அரைகுறையாக மூடியதுதான் பம்பு.

பிப்ரவரி 11, ஞாயிறு

வெல்டிங் தொடங்கியாயிற்று. மூட்டுக்கு மூட்டு எண்ணெயைத் துடைப்பது இரண்டங்குலம் மட்டும், அன்றைக்கு வைக்கப்போகும் இடத்தில் மட்டும்.

குழாயின் நாலு பக்கமும் சுற்றி வைக்கும்போது கடைசி அரை அங்குலத்தில் உள்ளேயிருக்கும் சூட்டுக்காற்று உருகிய உலோகத்தைத் துப்பிவிட்டு வெளியே வரும். பார்க்க ஒழுங்கான வெல்டு, நடுவில் ஊசி முனையளவு பள்ளம். மாமா சொன்னபடி மறைவான முகத்தில் 3 மி.மீ. துளை போட்டுக்கொள்கிறேன், காற்று அதன் வழியே போகிறது, வெல்டு அமைதியாக முடிகிறது. ஆறியபிறகு அந்தத் துளைக்கு ஒரே பொட்டு.

சோதனைக்குச் சோப்புத் தண்ணீர். ஹாட் ஏர் கன்னால் குழாயைக் கை வைக்க முடியாத சூட்டுக்குக் கொண்டுபோய், மூட்டுகளில் பிரஷ்ஷால் நுரை தடவினால், கசியும் இடத்தில் ஒரே ஒரு குமிழி மெதுவாக வீங்கும். உடையாது, வளர்ந்துகொண்டே இருக்கும். கிரைண்டரால் தேய்த்து அழகாக்கிய மூட்டுகளில்தான் இது அதிகம். அழகு பார்த்துத் தேய்ப்பதை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

கால்வனைசிங் பட்டறை ஒன்றுக்கு போன் போட்டேன். முதல் கேள்வியே "குழாய்கள் மூடியவையா?" 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் மூடிய குழாயை இறக்கினால் உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும், தொட்டியருகே நிற்பவர் உயிருக்கு ஆபத்து. ஒவ்வொரு குழாய்க்கும் காற்றுக்கு ஒன்று, வடிகாலுக்கு ஒன்று துளை வேண்டும். இந்தக் கனத்துக்குச் சராசரி 55 மைக்ரான் துத்தநாகம் ஏறும், உள்ளும் புறமும். அது ராஜ வைத்தியம். லோட்டஸே 1980 வாக்கில் எஸ்ப்ரி டர்போவுக்கு கால்வனைஸ் சேஸிஸ் போட்டது.

ஆனால் 1.6 மி.மீ. குழாயில் வெல்டிங்கின் இழுவிசை உள்ளே ஒளிந்திருக்கிறது. அந்தச் சூட்டில் அது தளர்ந்து சட்டம் முறுக்கிக்கொண்டால் பொறுப்பில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். பிறகு ஒரு பிராக்கெட் மாற்றி வைக்க வேண்டுமானாலும் துத்தநாகப் புகை, காய்ச்சல். வேண்டாம்.

மார்ச் 2, சனி

இரண்டு நிறச் சாக்பீஸ். ஒவ்வொரு குழாயாகத் தீர்ப்பு.

மேல் நீளக்குழாய்கள், மூலைவிட்டங்கள், டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ளவை எல்லாம் வெள்ளை: முழுதாக அடைப்பு, ரிவெட் கிடையாது. அங்கே தகட்டைப் பசையால் மட்டும் ஒட்டுவேன், அல்லது குழாயோடு சின்ன இரும்புக் காது வைத்து அதில் ரிவெட். கீழ் நீளக்குழாய்கள் இரண்டும், தரைக் குறுக்குக் குழாய்களும், பின் சக்கரத்துக்கு முன்னால் நிற்கும் இரண்டும் சிவப்பு: இவற்றில் தரைத்தகட்டின் ரிவெட் தவிர்க்க முடியாது. ஆகவே திறப்பு. அடியில் வடிகால், உள்ளே மெழுகு.

மாமாவிடம் சிவப்புப் பட்டியலைச் சொன்னேன். "பாதிக்குப் பாதி ஒத்துக்கிட்டே" என்றார். வெள்ளைப் பட்டியல் அவருக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 16, சனி

பெயின்ட். முழுச் சட்டத்தையும் உப்புத்தாள் போட்டு, தின்னரால் இரண்டு முறை துடைத்து, கையுறையோடு மட்டும் தொட்டேன். செங்கல் கழுவும் ஆசிட் போட்டால் துரு பறந்துவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். பறக்கும், அதன் ஆவி ஒரே ராத்திரியில் கராஜில் இருக்கும் அத்தனை ஸ்பானரையும் காவியாக்கிவிடும்.

எபாக்சி பிரைமர், இரண்டு டப்பாவைக் கலந்து பிரஷ்ஷால். பத்து டிகிரிக்குக் கீழே அது ஒழுங்காக இறுகாது. இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பது பெயின்டர்களின் விதி. காற்று 12, ஈரப்பதம் 58, பனிநிலை 4, இரும்பு 11. அடிக்கலாம். கூர்முனைகளில் பெயின்ட் தானாக விலகி மெலிந்துவிடும், அதனால் எல்லா விளிம்புக்கும் முதலில் ஒரு தனிக் கோடு, பிறகுதான் முகம். டூ-பேக் மேல்பூச்சை ஸ்பிரே அடிப்பதில்லை; அதிலிருக்கும் ஐசோசயனேட்டுக்கு வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். பிரஷ்ஷால் அடிக்கும் சாதாரண எனாமலே போதும், வெளிர் சாம்பல் நிறம். பார்க்கிறவர்கள் கறுப்பு அடித்தால் எடுப்பாக இருக்குமே என்கிறார்கள். கறுப்பில் துரு தெரியாது.

மார்ச் 30, சனி

தகடு மாட்டும் வேலை. அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால் கெடுவது அலுமினியம். வெள்ளைப் பொடியாக உப்பி, பெயின்ட்டைத் தூக்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளியில்லாமல் சிகாஃப்ளெக்ஸ் பசைப் பட்டை. ரிவெட் விஷயத்தில் பரப்பளவுதான் நியாயம் சொல்லும்: பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன ஸ்டெயின்லெஸ் ரிவெட் ஓரளவு பிழைக்கும், பெரிய இரும்புத் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் சீக்கிரம் கரைந்துபோகும். முனை மூடிய அலுமினிய ரிவெட்டை எடுத்துக்கொண்டேன். தகடும் ரிவெட்டும் ஒரே ஜாதி, இரும்பிலிருந்து பசை பிரிக்கிறது. ஒவ்வொன்றையும் டூராலாக் பசையில் தோய்த்து அடித்தேன். பழைய டப்பாவில் குரோமேட் இருக்கும், கையுறை அவசியம். இப்போது குரோமேட் இல்லாததும் கிடைக்கிறது.

தோய்த்து அடிப்பது எரிச்சலான வேலை. கை முழுக்க மஞ்சள், காதருகே மஞ்சள், டீ கப்பில் மஞ்சள்.

ஏப்ரல் 6, சனி

சிவப்புக் குழாய்களுக்கு மெழுகு. டைனிட்ரால் டப்பாவை வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தேன். குளிர்ந்தால் குழம்பாகிக் குழாயின் பாதியிலேயே நின்றுவிடும். நாலு பக்கமும் தெளிக்கும் நீள நாசியைக் கடைசிவரை நுழைத்து, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுக்க வேண்டும். ரிவெட் வால்களின் இடுக்கிலிருந்து தேன் நிறத்தில் துளிர்த்தால் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சீட் பெல்ட் மாட்டும் 7/16 மரைகளுக்கு முன்கூட்டியே போல்ட் போட்டு மூடிவைத்தேன். வீடு முழுக்க வாடை. மனைவி ஜன்னல்களைத் திறந்துவிட்டு அம்மா வீட்டுக்கு போன் பேசப் போய்விட்டாள். டிரையர் குழாய் இப்போது சுவர் வழியே வெளியே போகிறது என்பதால் என்னிடம் பழைய கோபமில்லை.

வடிகால் துளைகள் முன்பே போட்டாயிற்று: அடிமுகத்தில், சட்டம் நிற்கும்போது தாழ்வான பக்கம், பிராக்கெட்டுக்கும் வெல்டுக்கும் தள்ளி, 8 மி.மீ. விளிம்பை வட்டமாக உருட்டிப் பெயின்ட். ரக்பியில் 4 மி.மீ. துளையில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தபிறகு அதற்குக் குறைவாக வைக்க மனசு வரவில்லை. அதற்குமேல் போட்டால் ஓரங்குலக் குழாயில் இரும்பு என்ன மிச்சமிருக்கும்?

மாமாவுக்குப் படம் அனுப்பினேன்.

"எட்டு பத்தாது மாப்ளே. மெழுகும் மண்ணும் சேர்ந்து அடைச்சுக்கும். பத்துப் போடு."

"பலம் குறையும் மாமா."

"அந்த எடத்துல என்ன பெரிய பலம்? சேறு அள்ளிட்டு வந்து ஓட்டைய அடைச்சதும் ஒரு போட்டோ அனுப்பு, அப்பறம் பேசிக்கலாம்."

எட்டில்தான் விட்டிருக்கிறேன். தினம் ஓட்டும் காலத்தில் மாதம் ஒரு தடவை ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் போயிற்று. அடுத்த வாரம் முன் சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகள். அவற்றின் போல்ட்டுகளுக்கு கிரீஸா, மெழுகா என்று இன்னும் முடிவாகவில்லை.